மேய்ப்பருக்கு இலக்கணம்

சபைத் தலைவரிடம் போதிக்கும் திறமையும் நற்சாட்சியும் வேண்டும், பண ஆசை கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார் பவுல். அதற்கு உதாரணமாகக் கார் நிக்கோபாரில் வாழ்ந்தவர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். தீவின் பிள்ளையான அவருக்கு எழுத்தறிவித்தவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார். பர்மாவில் படித்துத் திரும்பி, தம் மக்களுக்கே ஆசிரியரானார்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. நிக்கோபாரிகள் பலர் ஒற்றர் என்று கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு, உயிர் தப்பினார்.

வேதாகமத்தை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1950-இல் பிஷப் ஆனார், 1952-இல் முதல் லோக்சபாவுக்கு நியமிக்கப்பட்டார், 1978-இல் காலமானார்.

பதவிக்குப் பின் தொண்டு அல்ல, தொண்டுக்குப் பின்னரே பதவி. சபைத் தேர்தலில் நிற்போரும் வாக்களிப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.