மூச்சு நின்று நின்று வரும் தூக்கம்: டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு

"படுத்தவுடன் அசந்து தூங்கிவிடுவார். குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும்" என்று சில வீடுகளில் பெருமையாகவே சொல்வார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும், பயம் குறட்டையில் இல்லை, அது சட்டென்று நின்றுபோகும் நேரத்தில்தான் என்று. அறையே அமைதியாகிவிடும். பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு திணறலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதையே மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிட, பாதை திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இதைத்தான் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறோம்.

இரவெல்லாம் இப்படிப் போராடிய உடம்பு பகலில் தூங்கி வழிகிறது. காலைத் தலைவலி, எரிச்சல், மறதி, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், இரவில் அடிக்கடி சிறுநீர் என அறிகுறிகள் பல. பெண்களுக்குக் குறட்டையைவிடச் சோர்வும் தூக்கமின்மையும் முன்னால் தெரியலாம். "வீட்டு வேலை அலுப்பு" என்று அது பல ஆண்டுகள் தள்ளிப் போய்விடுகிறது.

எண் மட்டும் முடிவு சொல்லாது

நோயை உறுதிசெய்ய 'ஸ்லீப் ஸ்டடி' என்ற பரிசோதனை தேவை. மருத்துவமனையிலும் செய்யலாம், பலருக்கு வீட்டிலேயே செய்யலாம். மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நிற்பதும், வெகுவாகக் குறைவதும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை என்று அது கணக்கிடும். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமை.

இருவருக்கு 18 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் லாரி ஓட்டுநர், ஸ்டீயரிங்கில் கண் சொக்குகிறது. இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பகலில் எந்தத் தொல்லையும் இல்லை, மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு தடைபடுகிறது. எண் ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. ஓட்டுநருக்கு உடனடி சிகிச்சை தேவை. தூக்கக் கலக்கம் தீரும்வரை அவர் வண்டி எடுக்கக் கூடாது. ஆசிரியர் பக்கவாட்டில் படுத்துப் பழகுவதிலிருந்து தொடங்கலாம்.

உங்கள் முன் உள்ள வழிகள்

*சிபாப் கருவி:* மூக்கில் பொருத்தும் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் இதை அறிமுகப்படுத்தும் முன், கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழியாக இருந்தது. மூச்சுத்தடையைக் குறைப்பதில் இன்றும் இதுவே முதலிடம். ஆனால் போட்டுக்கொண்டு தூங்கினால்தான் பலன். இதய நோயோ பக்கவாதமோ முன்பே வந்தவர்களிடம் நடந்து, 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கருவி பயன்பாடு இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். மாரடைப்பும் பக்கவாதமும் அதில் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று டாக்டரிடம் பேசும்போது இந்த இரண்டு உண்மைகளும் மேசையில் இருக்கட்டும்.

*வாயில் மாட்டும் சாதனம்:* பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவது. கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்து வைக்கும். லேசான, நடுத்தர நோய்க்கும், சிபாப் ஒத்துவராதவர்களுக்கும் உதவும். பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். தாடைவலி வரலாம், நாளடைவில் பல்வரிசை சற்று மாறலாம். பொருத்திய பிறகு மறுபடி பரிசோதித்துப் பார்ப்பது அவசியம்.

*எடைக் குறைப்பு:* எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு கணித்தது. உடல்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோய் உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்ஸெபடைட் ஊசியை அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை குறையும்வரை மற்ற சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

*அறுவை சிகிச்சை:* டான்சில், அடினாய்டு பெருத்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதுவே முதல் வழி. பெரியவர்களுக்கு அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்தது.

"சரிங்க டாக்டர்" போதாது

எதைச் சொன்னாலும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருவது நம் பழக்கம். வீட்டுக்கு வந்தபின் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, மூக்கு காய்கிறது, நடுராத்திரி கரண்ட் போகிறது. ஒரு மாதத்தில் கருவி பீரோ மேல் ஏறிவிடுகிறது. மறுமுறை போகும்போது அதைச் சொல்லவும் கூச்சம்.

அந்தக் கூச்சம்தான் நோயை வளர்க்கிறது. ராத்திரி ஷிப்ட், குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, கையிருப்பு, மாஸ்க்கோடு மனைவி முன் படுக்கும் சங்கடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். இவற்றைக் கேட்டறியாத டாக்டர் எழுதித் தரும் சிகிச்சை, எவ்வளவு சிறந்ததாயினும் உங்கள் படுக்கையறை வரை வந்து சேராது.

கேட்க வேண்டியவை சில:

- என் நோய் எவ்வளவு கடுமை? சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும்?
- எனக்குப் பொருந்தும் வழிகள் எவை? ஒவ்வொன்றிலும் தொல்லை என்ன, செலவு என்ன?
- கருவியை வாங்கும் முன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா?
- ஒத்துவராவிட்டால் அடுத்து என்ன? யாரைக் கூப்பிடுவது?

முதல் மாதம் முக்கியம்

பெரும்பாலான தொல்லைகளுக்குத் தீர்வு உண்டு. மாஸ்க் வகையை மாற்றலாம், காற்றை ஈரப்படுத்தலாம், அழுத்தத்தை மெல்ல ஏறும்படி அமைக்கலாம். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், காற்று எங்கே கசிகிறது என்பதை இன்றைய கருவிகள் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவோடு இரண்டொரு வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். "இது என்னால் முடியவில்லை" என்று சொல்வது அவருக்கு அவமரியாதை அல்ல, அடுத்த வழியைத் தேட அவருக்குக் கிடைக்கும் தகவல். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயைச் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் தூக்கத்தை நீங்கள் பார்த்ததில்லை. அந்தத் திடீர் மௌனத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதையும் டாக்டர் கேட்கட்டும்.