மூட்டைக்குள் ஒரு வைரஸ்!

"ராத்திரி பத்து மணிக்குத் தானாவே பேக்கப் எடுத்துக்கும் ஸார்!" என்றார், மதுரை மேலமாசி வீதி ஆடிட்டர் ஆபீஸ் நண்பர், ஜிகர்தண்டாவை உறிஞ்சியபடி. போய்ப் பார்த்தால், மூன்று வாரமாக எடுக்கவே இல்லை! மார்ச் மாதக் கணக்கு வேறு.

வில்லன், 'இன்வாய்ஸ்' என்று ஈ-மெயிலில் வந்த வைரஸ். (2000 மே 4-ல் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ'வும் இப்படி இணைப்பாக வந்ததுதான். அதிலாவது ஒரு கிளுகிளுப்பு இருந்தது!)

நண்பரின் அவுட்லுக்கில் மொத்த மெயிலும் ஒரே பி.எஸ்.டி. ஃபைலில் மூட்டையாக இருந்தது. ஆன்ட்டி வைரஸ் மூட்டையையே பூட்டிவிட, பேக்கப் பாதியில் நின்றிருக்கிறது. "மூட்டையை டிலீட் பண்ணிடவா?" என்றார் நண்பர். ஐயோ, பழைய மெயில் அத்தனையும் போச்சு! அந்த ஒரு மெயிலை மட்டும் அழித்து, 'டிலீட்டட் ஐட்டம்ஸை'யும் காலி பண்ணி, ஃபைலை 'காம்பாக்ட்' செய்தோம். மறுநாள் பேக்கப்பிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் நண்பர் டீ சொன்னார்.