திரைப்படிமத்திற்கு நினைவகத்தில் இடம் எது?

கணிப்பொறித் திரையில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும் ஓர் எழுத்துகூட உண்மையில் விநாடிக்குப் பொதுவாக 60 முறை புதிதாக அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அனுப்பப்படவேண்டிய படிமம் முழுவதும் முன்னதாகவே நினைவகத்தின் ஒரு பகுதியில் புள்ளி புள்ளியாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இப்பகுதியைப் 'பிரேம் பஃபர்' என்பர். இதற்கு எங்கே இடமளிப்பது என்று முடிவு செய்வது, வரைகலைச் சாதனத்தை இயக்கும் 'டிரைவர்' என்னும் நிரலின் கடமையாகும்.

குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட திரையை எடுத்துக்கொள்வோம். புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் ஒரு படிமத்திற்கு 82,94,400 பைட் தேவை. விநாடிக்கு 60 முறை எனில், ஏறத்தாழ 50 கோடி பைட் இடைவிடாது படிக்கப்படுகின்றன. மற்ற வேலைகள் சற்றுத் தாமதித்தால் கணிப்பொறி மெதுவாகும், அவ்வளவே. இவ்வேலை தாமதித்தாலோ திரை மினுங்கும். மேலும், படிமம் திரையில் உள்ளவரை பஃபரை இடம் பெயர்த்தலும் ஆகாது.

தனி வரைகலை அட்டை உள்ள கணிப்பொறியில் இம்முடிவு எளிது. அட்டையிலேயே விரைவான நினைவகம் உண்டு. பஃபரை அங்கு வைப்பதே முறை. ஆனால் வரைகலைப் பகுதியும் மையச் செயலியும் ஒரே சிப்பில் அமைந்த கணிப்பொறிகளில் அத்தகைய தனி நினைவகம் பெரும்பாலும் இல்லை. கணிப்பொறி தொடங்கும்போதே பொது நினைவகத்தில் ஒரு பகுதி வரைகலைக்கென ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஒதுக்கீட்டைப் பெரிதாக்கினால் பிற நிரல்களுக்கு இடம் குறையும். சிறிதாக்கினால் பஃபருக்கே இடம் இல்லாது போகலாம்.

ஒதுக்கீட்டிற்கு வெளியே பஃபரை வைத்தால் என்ன? பொது நினைவகம் வழக்கமாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மேற்கூறிய படிமத்திற்கு 2,025 பக்கங்கள் வேண்டும். அவை அடுத்தடுத்து அமையாமல் சிதறிக் கிடக்கலாம். ஒவ்வொரு பக்கமும் எங்குள்ளது என அட்டவணையைப் பார்த்தறிந்து, காலந்தவறாமல் படிக்கும் திறன் சாதனத்திற்கு வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'காரிஸோ' சிப்புகள் இத்திறன் பெற்றவை. அவற்றிற்கு லினக்ஸ் டிரைவர் ஓர் எளிய விதியைக் கையாளுகிறது: ஒதுக்கீடு 256 மெகாபைட்டிற்கு மேற்பட்டால் பஃபர் அதனுள்ளே, மேற்படாவிடில் பொது நினைவகத்தில்.

விதி எளிதாயினும் அனுபவம் அவ்வளவு எளிதாக இல்லை. இவ்வாறு சிதறிய பக்கங்களிலிருந்து படிமம் காட்டும் முறையைக் கையாண்ட பிற்காலச் சிப்புகள் சிலவற்றில் திரை மினுங்குவதாகப் பயனர்கள் தெரிவித்தனர். டிரைவரை எழுதியோர் பலவகைக் கணிப்பொறிகளில் முயன்றும் அக்குறையை நேரில் காண இயலவில்லை. சில சிப்புகளில் இம்முறையையே நிறுத்திப் பார்த்தனர். அப்போது ஒதுக்கீடு சிறிதாயிருந்த கணிப்பொறிகளில் பஃபருக்கு இடம் கிட்டாமல் திரையே இருண்டது! இறுதியில் 2023-இல், வேண்டுவோர் இம்முறையை நிறுத்திக்கொள்ளும் வசதி டிரைவரில் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எல்லாக் கணிப்பொறிக்கும் பொருந்தும் ஒரே இடம் பஃபருக்கு இல்லை. ஒதுக்கீடு எவ்வளவு, சிதறிய பக்கங்களைச் சாதனம் தடையின்றிப் படிக்குமா என்னும் இரண்டையும் சேர்த்து எடைபோட்டே டிரைவர் இடம் தேர்தல் வேண்டும். ஒன்றைமட்டும் கருதினால் திரை மினுங்கும், அன்றேல் இருளும்.