பெல்லாக்ரா வியாதியும் நயாசின் என்னும் ஜீவசத்தும்

உழைப்பாளி ஒருவனுக்குக் கழுத்தைச் சுற்றி மாலையிட்டாற்போல் தோல் கறுத்துத் தடித்து வெடிக்கிறது. புறங்கைகளிலும் பாதங்களிலும், அதாவது வெயில் படும் இடங்களிலெல்லாம், அவ்வாறே காண்கிறது. நாக்கு சிவந்து புண்ணாகிறது, பேதி நிற்பதில்லை. நாளடைவில் தூக்கம் கெட்டு, மறதியும் பிதற்றலும் உண்டாகின்றன. வீட்டார் முதலில் சரும வியாதியென்று களிம்பு தடவுகின்றனர். பின்னர்ப் பைத்தியமென்றோ, காற்றுச் சேஷ்டையென்றோ கருதி மந்திரிக்க அழைத்துச் செல்கின்றனர். உண்மையில் இவை யாவும் ஒரே வியாதியின் குறிகளாக இருக்கக்கூடும். அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர். கவனியாது விட்டால் மரணத்தில் முடியும். தக்க காலத்தில் சிகிச்சை செய்தாலோ, மிகச் சொற்ப விலையுள்ள மாத்திரைகளாலேயே குணமாகும்.

அம்மாத்திரையிலுள்ள பொருள் நயாசின். 'பி' தொகுதியைச் சேர்ந்த ஜீவசத்து. 1937ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் எல்வெஜெம் என்னும் விஞ்ஞானி, கருநாக்கு நோய் கண்ட நாய்களுக்கு நிக்கோடினிக் அமிலத்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார். விரைவில் மனிதருக்கும் அது பலித்தது. பெயரைக் கேட்டுப் புகையிலைச் சரக்கென்று அஞ்ச வேண்டுவதில்லை. புகையிலையின் நிகோடின் வேறு, இது வேறு. அக்குழப்பத்தை நீக்கவே நயாசின் என்ற பெயர் வைக்கப்பட்டது.

இந்தியாவில் இவ்வியாதி தக்காணத்தில் சோளத்தையே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஏழைகளிடம் அதிகம் காணப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்களில் தலைசிறந்தவர் சேலத்தில் 1918இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் நடைபெற்றுப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவரும் டாக்டர் ஸ்ரீகண்டையாவும், சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் பொருளே இதற்குக் காரணமாகலாமென 1960இல் எழுதினர். அக்கருத்து பின்னர் விவாதத்திற்குள்ளாயிற்று. எனினும் நயாசின் கொடுத்தால் நோயாளி தேறுகிறான் என்பதில் எவ்விவாதமும் இல்லை.

அரிசியுண்ணும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து மக்களுக்கு இதனால் என்னவென்று அங்கத்தினர்கள் கேட்கலாம். சோளம் உண்ணாதவருக்கும் இது வேறு இரு வழிகளில் வரக்கூடும். முதலாவது குடி. தொழிற்சாலைகளைச் சார்ந்து ஊரைவிட்டு வந்து தங்கும் தனியாட்களாயினும், ஏரிக்கரைக் கிராமத்து உழவராயினும், கூலியைக் குடியில் செலவிட்டுச் சோற்றைத் தள்ளுவோருக்கு நயாசின் மட்டுமன்றி மற்ற 'பி' சத்துக்களும் ஒருங்கே குறைகின்றன. அவனது பிதற்றலை வெறும் போதையென்று அலட்சியம் செய்வதுதான் பெரிய ஆபத்து.

இரண்டாவது க்ஷயரோகம். அந்நோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் என்ற மருந்து, உடலில் பி6 சத்தைக் குறைக்கும். மாமிசம், பருப்பு முதலியவற்றிலுள்ள டிரிப்டோஃபேன் என்ற பொருளிலிருந்து உடல் தானே நயாசினைத் தயாரித்துக்கொள்வதற்கு அச்சத்து அவசியமானது. ஆகவே ஆகாரக் குறைவுள்ள க்ஷயரோகிக்கு மேற்கூறிய குறிகள் தோன்றலாம். அதற்காக மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு. மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியிலேயே தெரிவித்தால் வேண்டிய மாற்றைச் செய்வர். க்ஷயரோகிகளின் ஆகாரத்திற்காக மத்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் பாங்குக் கணக்கில் செலுத்தி வருகிறது. கணக்கில்லாத குடும்பங்களுக்கு அதைத் திறந்துகொள்ள உதவுவது சங்கத்தால் எளிதில் ஆகக்கூடியதே.

பெல்லாக்ராவுக்கு நிக்கோடினமைடு என்ற வகையை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை பிரித்துச் சில வாரங்கள் கொடுப்பது வழக்கம். வாய்ப்புண்ணும் பேதியும் மனக்கலக்கமும் சில நாட்களில் தணியும். தோல் தேற அதிக காலமாகும். வைத்தியர் பார்வையிலேயே இதைச் செய்தல் வேண்டும்.

ஒரு சத்து சிறிது நன்மை செய்தால் பெருமளவு பெருநன்மை செய்யுமென்ற எண்ணம் படித்தவரிடமும் உண்டு. ரத்தத்தின் கொழுப்பைக் குறைக்குமென 1955 முதல் நிக்கோடினிக் அமிலம் கிராம் கணக்கில் கொடுக்கப்பட்டது. ஸ்டாட்டின் மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரு பெரும் பரிசோதனைகளின் முடிவுகள் 2011இலும் 2014இலும் வெளிவந்தன. இரண்டாவதில் மட்டும் 25,000 பேருக்கு மேல் பங்கு கொண்டனர். மாரடைப்பு குறையவில்லை, நீரிழிவும் வேறு தொல்லைகளும் அதிகரித்தன. முகம் சிவந்து எரிவதோடு ஈரலும் கெடக்கூடும். ஆகவே பத்திரிகை விளம்பரத்தை நம்பிக் கடையில் வாங்கி விழுங்குதல் தகாது.

சாதாரண தேகநிலையில் உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 மில்லிகிராம் போதும். கடின உழைப்பாளிக்குச் சற்று அதிகம் வேண்டும். இது ஆகாரத்திலேயே கிடைக்கக்கூடியது. நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராம் உண்டு. மீன், கருவாடு, இறைச்சி ஆகியவையும் சிறந்தவை. சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளில் பலர் பச்சரிசியையே விரும்பிக் கேட்கின்றனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பின்னரும் புழுங்கலரிசியில் அது அதிகம் நிற்கிறது. அவ்வரிசியையும் பலமுறை களைந்து, வடித்த கஞ்சியை மாட்டுக்கு ஊற்றிவிட்டால், சத்தில் பெரும்பகுதி தொழுவத்துக்கே போய்ச் சேரும்.