மண்ணில் பிறவாத மண்புழு

தூண்டில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மூங்கில் கம்பு, ஒரு நூல், ஒரு முள், அந்த முள்ளில் நெளியும் ஒரு மண்புழு. என் தாத்தாவும் அப்படித்தான் மீன் பிடித்தார். வாழைமரத்தடியில் ஈரமண்ணைக் கிளறிப் புழு எடுத்து, பழைய பால் டின்னில் கொஞ்சம் மண்ணோடு போட்டு வைத்துக்கொள்வார். "புழு இல்லாதவன் குளத்துப் பக்கமே போகக்கூடாது" என்பது அவருடைய கட்சி.

இன்று நான் நீர்த்தேக்கத்துக்குப் போகும்போது என் பையில் ஒரு மண்புழுகூட இருப்பதில்லை. இருக்கவும் கூடாது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க ஒதுக்கப்பட்ட இடங்களில் செயற்கை இரையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. நாம் குடிக்கும் நீர் அல்லவா? ஆகவே என் பையில் இருப்பவை சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலங்கள். அவற்றுக்குள் புழு, குட்டிமீன், தவளை என்று பலவித உருவங்கள். தொட்டால் வழவழப்பாக, இழுத்தால் நீளும். கடைகளில் இவற்றை 'சாஃப்ட் பிளாஸ்டிக்' என்பார்கள். இக்கட்டுரையில் நான் இவற்றை 'மென்னிரை' என்றே எழுதப்போகிறேன். இதைவிட நல்ல பெயர் யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

எந்த மீனுக்காக?

மென்னிரை என்றால் அதன் மறுபக்கத்தில் 'பாஸ்' என்ற மீன் நிற்கும். ஆனால் பாஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. மென்னிரைகள் உருவானது அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனுக்காக. நம் நீர்த்தேக்கங்களில் தூண்டில்காரர்கள் தேடிப்போவது பீகாக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் இது அந்தக் குடும்பமே அல்ல. திலாப்பியாவுக்கு உறவுக்கார மீன். சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் பகுதிகள். வாலில் மயில் தோகையின் கண் போன்ற வட்டப்புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால்தான் இம்மீன் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்கிறது. கிராஞ்சி, பிடோக், லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களிலும், மலேசியாவின் பழைய ஈயக் குட்டைகளிலும் இதைத் தேடி அலைபவர்கள் உண்டு.

அமெரிக்கப் பெருவாய் பாஸ் பெரும்பாலும் செடிக்கும் கட்டைக்கும் பின்னால் மறைந்திருந்து இரையைக் கவ்வும். பீகாக் பாஸ் பகலில் கண்ணால் பார்த்துத் துரத்தும் மீன். ஆகவே அதே மென்னிரையைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம் என்றாலும், இழுக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இது புரியாமல் நான் முதல் மூன்று மாதங்களை வீணாக்கினேன். அமெரிக்க நூல்களில் சொன்னபடி புழுவை அடிமண்ணில் மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியவர்தான், "வேகமாக இழு, அது ஓடுவதைத்தான் துரத்தும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

சமையலறையில் பிறந்த புழு

ரப்பரில் செய்த போலிப் புழுக்கள் முன்பே இருந்தன. ஆனால் அவை விறைப்பானவை. 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவர், தம் மனைவி கோஸ்மாவுடன் சேர்ந்து வீட்டு அடுப்பில் வினைல் கலவையைக் காய்ச்சிப் பார்த்தார். உண்மையான மண்புழுவை வைத்து அச்சு எடுத்து, அதில் கலவையை ஊற்றினார். ஆறியதும் கையில் நெளியும் ஒரு புழு கிடைத்தது. இன்றைய மென்னிரைகளின் வரலாறு அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பின்னர் அவருடைய நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் வேரூன்றியது.

செய்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பி.வி.சி. தூளை, அதை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருளில் கலக்கிறார்கள். கலவை பால்போல வெண்மையாக இருக்கும். ஏறத்தாழ 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது தெளிந்து பாகுபோல ஆகிறது. அப்போது நிறம், மினுமினுப்புத் தூள், சில சமயம் உப்பு, வாசனை எல்லாம் சேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். இளக்கும் பொருள் கூடினால் இரை மென்மையாகும், விரைவில் கிழியும். குறைந்தால் நெடுநாள் உழைக்கும், ஆனால் நெளியாது. உப்புச் சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. உப்பு இரையின் எடையைக் கூட்டுகிறது. ஈயக்குண்டு இல்லாமலே அது நீரில் இறங்க உதவுகிறது.

எனக்குப் பிடித்த ஐந்து

முதலாவது, குச்சிப்புழு. பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் குச்சி. அமெரிக்காவில் கேரி யமமோட்டோ என்பவர் 1990களில் வெளியிட்ட 'சென்கோ' என்ற இரைதான் இந்த வகையைப் புகழ்பெறச் செய்தது. சாதாரணப் பேனாவைப் பார்த்து அதன் உருவத்தை அமைத்தார் என்று சொல்வார்கள். குண்டு கட்டாமல் வீசினால், இரு முனையும் மெல்ல நடுங்கிக்கொண்டே கீழே இறங்கும். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மீன் மந்தமாக இருக்கும் நாள்களில் இதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது, சுருள்வால். தடித்த சிறு உடல், அரிவாள்போல் வளைந்த மெல்லிய வால். இழுத்தவுடன் வால் விரிந்து படபடக்கும். முதன்முதலில் மென்னிரை வாங்குபவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். எப்படி இழுத்தாலும் வேலை செய்யும்.

மூன்றாவது, துடுப்புவால் மீன். குட்டிமீன் உருவம், வால்நுனியில் கீழ்நோக்கி மடிந்த ஒரு தட்டு. அந்தத் தட்டு நீரைத் தள்ளித் தள்ளி, வாலையும் உடலையும் ஆட்டும். பீகாக் பாஸுக்கு என் முதல் தேர்வு இதுவே. மூன்று அங்குல நீளமும், ஐந்து முதல் ஏழு கிராம் எடையுள்ள ஈயத்தலை முள்ளும் பெரும்பாலான நேரம் போதுமானவை.

நான்காவது, பிளவுவால். இதுவும் மீன் உருவம்தான். ஆனால் வாலில் துடுப்பு இல்லை, இரண்டாகப் பிரிந்த நேரான வால். இதற்குத் தானாக ஆடத் தெரியாது. கம்பின் நுனியைச் சுண்டினால் இடமும் வலமும் பாயும். நிறுத்தினால் அடிபட்ட மீன்போல மெல்லச் சாயும். அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

ஐந்தாவது, தவளை. இது தோமான் மீனுக்காக. நம் விராலின் பெரிய உறவினரான தோமான் ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பீகாக் பாஸின் வாயில் உள்ள பற்கள் மணல்தாள் போன்றவை, மென்னிரை பிழைத்துக்கொள்ளும். தோமானின் பற்களோ கத்தி. ஒரே கடியில் வால் போய்விடும். எனவே வாலை நம்பும் இரைகளைவிட, தடித்த உடலுள்ள தவளையைச் செடிகளுக்கு மேல் இழுப்பது இலாபம். ஒன்று மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: நீர்ப்பரப்பில் சிவந்த குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை நான் விட்டுவிடுவேன்.

முள்ளை மறைப்பது எப்படி?

மென்னிரையின் உண்மையான சிறப்பு, முள்ளின் முனையை அதன் உடலுக்குள்ளேயே மறைக்கலாம் என்பதுதான். இதை 'டெக்சாஸ் முறை' என்பார்கள். கழுத்தில் இரு மடிப்புள்ள முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். புழுவின் தலையில் முனையைச் செருகி, அரை சென்டிமீட்டர் கீழே வெளியே எடுங்கள். முள்ளின் மடிப்பு தலைக்குள் போய் உட்காரும்வரை இழுத்து, முள்ளைத் திருப்புங்கள். பிறகு முனை எந்த இடத்தில் உடலைத் தொடுகிறதோ அந்த இடத்தில் செருகுங்கள். புழு வளையாமல் நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் நீரில் சுழன்று நூலை முறுக்கிவிடும். நூலில் முன்கூட்டியே தோட்டா வடிவக் குண்டைக் கோத்துவிட்டால், செடிகளுக்குள் வீசினாலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் ஒரு மணிநேரம் பேசுவார்கள். என் அனுபவத்தில் இரண்டு விதிகள் போதும். தெளிந்த நீரில் இயற்கையான, ஒளி ஊடுருவும் நிறங்கள். கலங்கிய நீரில் கறுப்பு அல்லது பளிச்சென்ற நிறங்கள். மற்றவை பெரும்பாலும் மீனைவிட மனிதனைப் பிடிப்பதற்காகவே செய்யப்படுகின்றன.

அத்தை கேட்ட கேள்வி

இவ்வளவும் இன்பமான பகுதி. இனிச் சொல்லப்போவது எனக்கு அவ்வளவு இன்பமானதன்று.

ஒரு விடுமுறையில் பேராக்கில் உள்ள அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அருகில் ஒரு பழைய ஈயக் குட்டை. மூன்றாண்டுகளாகப் போகும்போதெல்லாம் அங்கே மென்னிரை வீசியிருக்கிறேன். கிழிந்த புழுக்களை அப்படியே நீரில் எறிந்திருக்கிறேன். சின்னத் துண்டுதானே என்ற நினைப்பு. அன்று பிடித்த மீனை அத்தை பின்வாசலில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார். "டேய், இங்க வா" என்றார். மீனின் வயிற்றுக்குள் ஒரு புழு. என்னுடையதைப் போன்றே இளஞ்சிவப்பு. ஆனால் வழக்கத்தைவிட உப்பிப் பருத்திருந்தது.

"என்னடா இது, ரப்பரா? மீனே தேடித் தின்னுச்சா, இல்ல நீ தின்ன வச்சியா?"

அது என் புழுதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அன்று அந்தக் குழம்பை நான் சாப்பிடவில்லை.

வீடு திரும்பியதும் படித்தேன். பி.வி.சி. மண்புழுவைப்போல மக்கிப்போகாது. மென்னிரைகளில் பல நீரில் ஊறினால் உப்பும். இளக்கும் பொருள் மெல்ல வெளியேறும்போது, மென்மையாக இருந்தது விறைத்துப்போகும். வயிற்றுக்குள் அப்படி ஆனால் மீன் அதை எப்படி வெளியேற்றும்? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2013இல் இத்தகைய இரைகளைத் தடைசெய்ய ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது. தடை வரவில்லை, சிக்கலை ஆராயும்படி அங்குள்ள மீன்வளத் துறைக்குச் சொல்லப்பட்டது.

அதன்பின் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். பையில் ஒரு காலி டப்பா எப்போதும் இருக்கும். கிழிந்தது ஒவ்வொன்றும் அதற்குள்தான். குச்சிப்புழுவை நடுவில் கோக்கும்போது, முள்ளை நேரே உடலில் குத்தாமல் ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டி அதில் கோக்கிறேன்; புழு எளிதில் கழன்று விழுவதில்லை. இரண்டாக அறுந்ததைத் தீக்கொழுந்தில் காட்டியோ பசை போட்டோ ஒட்டிவிடலாம். ஒரு பொட்டலம் ஒரு வாரத்துக்குக் காணாது என்ற நிலை மாறி, இப்போது ஒரு மாதம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நேசிக்கும் இந்த பீகாக் பாஸே இங்கே இருந்திருக்கக்கூடாத மீன். பனாமாவின் காட்டுன் ஏரிப் பகுதியில் 1967 வாக்கில் இம்மீன் நுழைந்தது. 1973இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பரவலாக இருந்த உள்ளூர்ச் சிறுமீன்கள் பல மறைந்ததையும், அவற்றை நம்பிய பறவைகள்கூடக் குறைந்ததையும் பதிவு செய்தது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் அனுமதியின்றி வனவிலங்குகளை விடுவிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தொட்டியில் வளர்ந்துவிட்ட மீனை இரக்கப்பட்டுக் குளத்தில் விடுபவர்களும், ஓரிடத்து மீனை இன்னோரிடத்தில் விட்டுப் பெருக்க நினைக்கும் தூண்டில்காரர்களும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தாத்தாவிடம் என் மென்னிரைப் பொட்டலத்தை ஒருமுறை காட்டியிருக்கிறேன். ஒரு புழுவை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்தா மண்ணுக்குப் போகாதே" என்றார். அப்போது கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் தூண்டிலிலிருந்து நழுவி விழுந்த புழுவைக் குளம் பார்த்துக்கொண்டது. என் தூண்டிலிலிருந்து விழுவதை நான்தான் குனிந்து எடுக்க வேண்டும். தூண்டில் பிடிக்கும் நண்பர்களே, அடுத்த முறை போகும்போது நீங்களும் ஒரு காலி டப்பா எடுத்துச் செல்லுங்கள்.