அரை அங்குலத்தில் போன காகிதம்



சென்ற தீபாவளிக்கு முன் நமது மண்டியின் விலைப்பட்டியலை அச்சுக்குக் கொடுத்தோம். எழுத்து சற்றுப் பெரிதாகத் தெரியட்டும் என்று, வழக்கமான ஐந்தே முக்கால் அங்குல அகலத்தை ஆறே கால் ஆக்கச் சொன்னோம். நீளம் ஒன்பது அங்குலம்தான். அச்சகத்துப் பில் வந்தபோது காகிதக் கணக்கு உதைத்தது. வழக்கமாக 12,000 பட்டியலுக்கு ஒன்றரை ரீம். இம்முறை இரண்டு ரீம். நேரில் போய்க் கேட்டோம்.

கட்டிங் மிஷினில் நிற்கும் பெரியவர் ஒரு டபுள் டெமி தாளை விரித்து அளவுகோலை வைத்தார். தாள் 23 அங்குலத்துக்கு 36 அங்குலம். பழைய அளவில் குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு, ஆக 16 பட்டியல், துண்டு விழாது. புதிய அளவில் குறுக்கே மூன்றுதான் பிடிக்கும், ஆக 12. நாலே கால் அங்குலப் பட்டை ஒவ்வொரு தாளிலும் வீண். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மூட்டைக்கு நூறு கிராம் குறைந்தாலே லாரியை நிறுத்தி வைக்கிற நாம், இதைக் கேட்டு வாயடைத்து நின்றோம்.

அந்தத் தாள் சும்மா வருவதில்லை. கரூர் மாவட்டம் புகளூரில் 1979-இல் தமிழக அரசு தொடங்கிய காகித ஆலை, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகள் பாய்லரில் எரித்து வந்த சக்கையை, மாற்று எரிபொருள் கொடுத்து வாங்குகிற ஏற்பாடு. நம் பாஷையில் பண்டமாற்று. மரம் மிச்சமாகிறது, ஆனால் சக்கைக்குப் பதில் நிலக்கரி எரிந்தால் அந்தப் புகையையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். எந்தக் காகிதமானாலும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும்.

அளவைப் போலவே அலங்காரமும். நோட்டீஸ் முழுக்கக் கருநீலம் பூசி நடுவே வெள்ளை எழுத்து விடுவது இப்போது மோஸ்தர். மை செலவு ஒருபுறம். பழைய காகிதத்தைக் கூழாக்கும்போது அந்த மையை நீக்குவதும் கூடுதல் பாடு. நாட்காட்டி அட்டைக்குப் போடும் லேமினேஷன் இன்னும் மோசம். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரரே ஓரமாக ஒதுக்கிவிடுவார். மிஷினில் வரும் வழவழப்பான பில் சுருளில் ரசாயனப் பூச்சு உண்டு. அதையும் பழைய காகிதக் கட்டோடு சேர்க்கக் கூடாது.

மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்தித்தாளில் வடை, பஜ்ஜி மடிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் 2019 ஜூலை முதல் அது விதிப்படி தடை செய்யப்பட்டது. வாழை இலை, மந்தாரை இலை இருக்கவே இருக்கின்றன. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை வந்தபோது தடுமாறிய நாம், பிறகு பழகிக்கொள்ளவில்லையா?

இந்த ஆண்டுப் பட்டியல் மறுபடி ஐந்தே முக்கால் அங்குலம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. நாட்காட்டி அட்டைக்கு லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாதிரியைப் பார்த்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பளபளப்பே இல்லையே?" என்றார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.