எட்டாவது பிராது

கோர்ட் ஃபீ ஸ்டாம்பில் துளை போடுவதுதான் நான் பார்த்த முதல் வேலை. ஒட்டின ஸ்டாம்பை உரித்து இன்னொரு மனுவில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக அதை ஓட்டை போட்டுச் செல்லாமல் ஆக்குவோம். தென் மாவட்டத்து முன்சீப் கோர்ட் ஒன்றின் ஃபைலிங் செக்‌ஷனில் உட்கார்ந்து பிராதுகளைப் புரட்டுவேன். கையெழுத்து, ஃபீஸ், இணைப்பு எல்லாம் சரியாக இருந்தால் வழக்கு நம்பருக்குப் போகும், குறை இருந்தால் ரிட்டர்ன். பிறகு பெஞ்ச் கிளார்க் ஆனேன், கடைசியில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். மொத்தம் 31 வருடம்.

என் கைக்கு வந்த பிராதுகளில் ஏழு ஒரே மனிதருடையவை. ஏழும் ஒரே பெண்மணி மேல்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. அந்த அம்மாள் கணவரை இழந்தவர், வாசலிலேயே இட்லிக் கடை வைத்துப் பிழைத்தவர். சந்து தனக்குத்தான் பாத்தியம் என்று பக்கத்து வீட்டுக்காரர் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு முதல் வழக்கைப் போட்டார். வக்கீல் கமிஷனர் வந்தார், சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார், வழக்கு தள்ளுபடி. அப்பீல் தள்ளுபடி. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் இரண்டாவது அப்பீலும் நிற்கவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவர் திரும்பி வந்து, சந்து தனக்கே உரியது என்று விளம்புகை கேட்டார். அடுத்தது மனைவி பெயரில். பிறகு சாக்கடைத் தண்ணீர், பிறகு ஜன்னல் கதவு சந்தில் திறக்கிறது என்று ஒன்று. ஆறாவதில் அளந்த சர்வேயரையும் பிரதிவாதியாகச் சேர்த்தார். தானே எழுதி, தானே வாதாடுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரிட்டர்ன் போட்டால் மறுநாள் காலையிலேயே குறையைச் சரிசெய்து கொண்டு நிற்பார். வழக்கில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் அதிகாரம் ஃபைலிங் கிளார்க்குக்குக் கிடையாது. வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒருமுறை தீர்ந்த விஷயத்தை மறுபடி விசாரிக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. முன்தீர்ப்புத் தடை என்பார்கள். அது தானாக வந்து குறுக்கே நிற்காது. சம்மன் வாங்கிய பிரதிவாதி வக்கீல் வைக்க வேண்டும், எதிர்வழக்குரை போட வேண்டும், பழைய தீர்ப்புக்கு நகல் மனுப் போட்டு வாங்கித் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் எத்தனை வாய்தா! அந்த அம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதிகாலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறுவார். டவாலி பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் தன்னைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகிவிடுமோ என்று பயந்து வராந்தாத் தூணை விட்டு நகர மாட்டார், தண்ணீர் குடிக்கக்கூட.

“அய்யா, இன்னைக்குக் கூப்புடுவாகளா?”

“உக்காருங்கம்மா. மத்தியானத்துக்குள்ள கூப்புட்டுருவாக.”

மத்தியானம் வாய்தா ஆகும்.

வழக்கு பொய் என்று தீர்ந்தால் நஷ்ட ஈடாகச் செலவுத் தொகை கொடுக்கச் சொல்ல 35ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-ல் வைத்த தொகை. இப்போது ஒரு வக்கீல் நோட்டீசுக்குக் காணுமா?

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு சட்டம் நம் மாகாணத்தில் 1949-லேயே போடப்பட்டது பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் தொல்லை வழக்குகள் தடுப்புச் சட்டம் என்று சொல்லலாம். இதற்கு முன்னோடி இங்கிலாந்து. அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் வேல்ஸ் இளவரசர், சபாநாயகர் என்று பெரிய மனிதர்கள் மேல் 48 வழக்குகள் போட்டு, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றார். அவரை நிறுத்தத்தான் 1896-ல் அங்கே சட்டம் வந்தது.

நம் சட்டம் சின்னது, சில பிரிவுகள்தான். ஒருவர் வழக்கமாகவும் நியாயமான காரணம் இல்லாமலும் தொல்லை வழக்குகள் போடுகிறார் என்று அட்வகேட் ஜெனரல் ஹைகோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். அந்த ஆளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்டுவிட்டு ஹைகோர்ட் உத்தரவு போடலாம். அதன் பிறகு அவர் சிவிலோ கிரிமினலோ புதிதாக எது போடுவதானாலும் முன் அனுமதி வேண்டும். சென்னை நகரத்துக் கோர்ட் என்றால் ஹைகோர்ட்டின் அனுமதி, மற்ற ஊர் என்றால் மாவட்ட நீதிபதியின் அனுமதி. மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் போட்ட வழக்கு தள்ளுபடியாகும். உத்தரவு அரசிதழிலும் வரும்.

கோர்ட்டுக்குப் போகும் உரிமையையே பறிக்கிறது என்று இந்தச் சட்டத்தை எதிர்த்து ஆந்திராவிலிருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. சட்டம் செல்லும் என்று 1965-ல் தீர்ப்பாயிற்று. கதவைச் சாத்தவில்லை, தட்டிவிட்டு வா என்கிறது, அவ்வளவுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ‘வழக்கமாகவும்’, ‘நியாயமான காரணம் இல்லாமலும்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோற்றவரெல்லாம் தொல்லைக்காரர் இல்லை. பட்டாவை வேறு பெயருக்கு மாற்றிவிட்டார்கள் என்று பன்னிரண்டு வருடம் அலைந்த ஒரு விவசாயியை எங்கள் கோர்ட்டில் எல்லாரும் ‘கேஸ் கிறுக்கு’ என்றார்கள். நானும் அவரைப் பார்த்ததும் முகம் சுளித்திருக்கிறேன். கடைசியில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் கிடைத்தது. அவர் சொன்னதுதான் அதில் இருந்தது. அப்படிப்பட்டவரின் வாயை அடைக்க இந்தச் சட்டம் ஒருநாளும் பயன்படக் கூடாது. அதனால்தான் அதை ஹைகோர்ட்டின் கையில் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அட்வகேட் ஜெனரலை எப்படி எட்டுவாள்? என் பணிக்காலம் முழுக்க இந்தச் சட்டத்தின்படி ஓர் உத்தரவுகூட எங்கள் கோர்ட்டுக்கு வந்ததில்லை. நாடு முழுமைக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மத்திய சட்ட ஆணையம் தன் 192-வது அறிக்கையில் 2005-ல் பரிந்துரை செய்தது. அது சட்டமாகவில்லை. ஏழு முறை சம்மன் வாங்கியவளே நேராக மனுக் கொடுக்க வழி வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை, முந்தைய தீர்ப்புகள் அந்தந்தக் கோர்ட்டின் ரெக்கார்டு ரூமிலேயே இருக்கின்றன.

எட்டாவது பிராது வந்தபோது நான் சிரஸ்தார். நான்தான் முந்தைய ஏழு நம்பர்களையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்து அனுப்பினேன். புதிதாக வந்திருந்த இளம் நீதிபதி இரண்டு நாள் வைத்துப் படித்தார். 1977-ல் ஒரு பெங்களூர் வாடகை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு உண்டு. சாமர்த்தியமாக எழுதி வழக்கு மாதிரி காட்டியிருந்தாலும் உள்ளே சரக்கு இல்லையென்றால் ஆரம்பத்திலேயே ஆர்டர் 7 ரூல் 11-ன்படி நிராகரித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் காட்டி, பிராதை நம்பர் ஆகாமலே நிராகரித்தார். எட்டில் இது ஒன்றுதான் சம்மன் போகாமல் முடிந்தது.

மறுநாள் அந்த அம்மாள் வந்துவிட்டார். தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருந்ததால் அவருக்குப் பிராதின் நகல் ரிஜிஸ்டர் தபாலில் போயிருந்தது. உறையைப் பிரிக்காமல் மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

“இது நம்பரே ஆகலம்மா. அய்யா தள்ளிட்டாக.”

“அப்ப இனிமே வரவேண்டாமா?”

இந்தப் பிராதைத்தான் தள்ளியிருக்கிறார்கள், அவர் இன்னொன்று கொண்டுவந்தால் வாங்காமல் இருக்க முடியாது என்று சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து நின்றார். கேவியட்டுக்கு 90 நாள்தான் ஆயுள். அவருடையது முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. வக்கீல் ஆபீஸுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எழுதச் சொல்லிவிட்டு, மூன்றே கால் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.